பூண்டு சேர்க்காத சாப்பாடு

2009 ஆகஸ்ட் 3
அருட்பணிப் பயிற்சி இல்லம், கங்வொன் மாகாணம்

அன்புள்ள சுன்ரே அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஹேரின் எழுதுகிறேன். போன மாதக் கடைசியில் ஒரு மழைச் சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து உங்கள் வாசலில் வந்து நின்றோமே மூன்று பேர், அதில் கண்ணாடி போட்ட குட்டைப் பெண் நான்தான். உயரமாக இருந்தவர் எங்கள் குழுத் தலைவர் கிபோம் அண்ணன். ஒல்லியாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றவன் ஊஜின்.

அன்றைக்கு நாங்கள் சரியாக விளக்கவில்லை. நாங்கள் ஊழியத்துக்குப் போகப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள். கையில் ஒரு காசும் இல்லாமல் ஊர் ஊராக நடந்து, கொடுப்பவர் வீட்டில் உண்டு, இடம் தருபவர் வீட்டில் படுத்துச் சுவிசேஷம் சொல்லிவிட்டு வருவது பயிற்சியில் ஒரு பகுதி. நம்ஹே தீவில் அன்று ஒன்பது கதவுகள் சாத்தப்பட்டன. உங்கள் கதவுதான் திறந்தது.

நீங்கள் சமைத்துப் போட்டதை மறக்கவே முடியாது. மாவில் தோய்த்துச் சுட்ட பூசணி, மலைக்கீரை, முள்ளங்கிச் சாறு, ஆவியில் வேகவைத்த அந்த நாக்கு மீன். "நான் இருந்தா கூச்சப்படுவீங்க"ன்னு சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டீர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டோம். விடியற்காலையில் எழுப்ப மனமில்லாமல் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியதற்கு மன்னிக்க வேண்டும்.

ஜனவரியில் என்னைக் கம்போடியாவுக்கு அனுப்புகிறார்கள். பயிற்சி முடியும் வரை எங்கள் கைப்பேசிகள் அலுவலகத்தில் இருக்கும். அதனால்தான் கடிதம். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் அன்புக்குக் கடன்பட்ட
ஹேரின்


ஆகஸ்ட் 18
நம்ஹே

கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. என் பெயருக்குக் கரண்டு பில்லைத் தவிர வேறு ஏதாவது வந்து எத்தனை காலமாயிற்று! தபால்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "யாரு அக்கா எழுதிருக்காங்க?" என்று கேட்டார். "என் வீட்டுல சாப்பிட்டுப் போன சபைப் பிள்ளைங்க"ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

வயிறு நிறையச் சாப்பிட்டோம் என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷம். தட்டெல்லாம் பளபளவென்று கழுவி வைத்திருந்தீர்கள். ஒரு முள் கூட மிச்சம் இல்லை. மீனை முள்ளோடு தின்னும் பிள்ளைகளை இப்போதுதான் பார்க்கிறேன்.

அந்த ஒல்லிப் பையன் வயிறு இப்போது எப்படி இருக்கிறது? "காரம் சாப்பிடுவீங்களா?" என்று நான் கேட்டதற்கு, "இவனுக்கு வயித்துல புண்ணு, மிளகாயும் பூண்டும் பட்டாலே துடிச்சுப் போயிடுவான்" என்று உங்கள் அண்ணன்தானே சொன்னான்? அவனுக்காகத்தான் அன்றைக்கு எதிலும் மிளகாயும் போடவில்லை, பூண்டும் போடவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் நான் பூண்டில்லாமல் சமைத்தது, படையல் போடும் நாளைத் தவிர, அதுதான் முதல் தடவை. கூரை முழுக்கப் பூண்டு தொங்குகிற வீட்டில் இது என்ன கூத்து என்று பக்கத்து வீட்டு ஓக்ஹீ சிரி சிரி என்று சிரித்தாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரே மகன், யோங்தே. பூசானில் கப்பல் பட்டறையில் வேலை. சபையில் சேர்ந்த பிறகு, அப்பா படத்துக்கு முன் விழுந்து கும்பிட மாட்டேன் என்றான். நான் கத்தினேன். அவனும் கத்தினான். மூன்று வருடமாக வீட்டுக்கு வருவதில்லை. அதுகூடப் பரவாயில்லை. நான் செய்து அனுப்பிய பலகாரத்தைத் திருப்பி அனுப்பினான். "எது படையல்ல வெச்சது, எது வெக்காததுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். பெற்றவள் கையை அப்படிச் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் சொல்.

உன் கடிதத்தை அவனுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "பாருடா, ஊழியத்துக்குப் போற பிள்ளைங்களே என் கையால சாப்பிட்டுட்டு நன்றின்னு எழுதிருக்காங்க. நீ என்னடா அவங்கள விடப் பெரிய பக்தன்?" என்றேன். முதலில் அங்கே மழை எப்படி என்று கேட்டான். பிறகு, "அறுவடைப் பண்டிகைக்கு வரப் பாக்கறேம்மா" என்றான்.

அதனால் உனக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன்.

மேங் சுன்ரே


செப்டம்பர் 4
பயிற்சி இல்லம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பல நாளாகிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். பயிற்சி அதிகம் என்று சாக்குச் சொல்லலாம், அது உண்மையில்லை.

ஊஜின் நன்றாக இருக்கிறான். நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். எழுந்து போய்விட்டான்.

ஒரு கேள்வி, தவறாக நினைக்காதீர்கள். அன்றைக்கு உங்கள் அறையில் உங்கள் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் ஏதோ புகை வாசம் வந்தது. அன்று உங்கள் வீட்டில் ஏதாவது விசேஷமா? அவருடைய நினைவு நாளா? சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே தினமும் சாட்சி சொல்லப் பழக்குகிறார்கள். எங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சபை நடுவில் நின்று சொல்ல வேண்டும். நான் நன்றாகச் சொல்கிறேனாம். ஆசிரியை மெச்சுகிறார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

உங்கள் மகன் கட்டாயம் வருவார் அல்லவா?

ஹேரின்


செப்டம்பர் 13
நம்ஹே

ஹேரின்,

புகையா? அடி பைத்தியக்காரி, அது கொசுவர்த்தி! மழை நாளில் நம்ஹே கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகும். படத்துக்குக் கீழே பெட்டி மேல் வைத்தால்தான் யார் காலும் படாது என்று அங்கே வைத்தேன். என் வீட்டுக்காரருக்குப் படையல் போடுவது குளிர்காலத்தில், சந்திரக் கணக்கில் பதினோராம் மாதம். ஜூலையில் அவருக்கு எதற்கு ஊதுவத்தி?

ஏன் கேட்கிறாய்? கேட்பதற்கு ஒரு காரணம் இருக்குமே.

யோங்தே வருகிறேன் என்று இரண்டாவது தடவையும் சொல்லிவிட்டான். பண்டிகைப் படையலை விடியும் முன்பே முடித்து எடுத்து வைத்துவிடுவேன். அவனுக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, புதுக் கரண்டி. அவன் கண் முன்னாலேயே பூண்டை நசுக்கிப் போடப்போகிறேன். பிறகு என்ன சந்தேகம் வரும்? அவனுக்குப் பிடித்த நாக்கு மீனைக் காயப்போட்டிருக்கிறேன். பூனையை விரட்டுவதே இப்போது என் முழுநேர வேலை.

நீ ஒழுங்காகச் சாப்பிடு.

சுன்ரே


செப்டம்பர் 21
பயிற்சி இல்லம்

அம்மா,

இப்படிக் கூப்பிட இன்னும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

நாங்கள் சாப்பிடவில்லை. அன்று உங்கள் வீட்டில் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை.

நீங்கள் பக்கத்து வீட்டுக்குப் போனதும் கிபோம் அண்ணன் மேசையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஹேரின், வம்சத்துப் படையலெல்லாம் போடுற மூத்த குடும்பம்தானே உங்களது, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். இது படையல் சாப்பாடா?" என்று கேட்டார். எங்கள் தாத்தா வீட்டில் வருடம் முழுக்கப் படையல் நடக்கும். சின்ன வயதில் நான்தான் தட்டு எடுத்துக் கொடுப்பேன். நாக்கு மீனைப் பார்த்தேன், பூசணியைப் பார்த்தேன். சாற்றை முகர்ந்தேன். "படையல்தான் அண்ணா. பூண்டு இல்ல, மிளகாய் இல்ல. பூண்டு விளையுற ஊர்ல வேற எதுக்கு இப்படிச் சமைப்பாங்க? ஊதுவத்தி வாசம் வேற வருது பாருங்க" என்றேன். தெரிந்தவள் என்ற பெருமையோடு சொன்னேன் அம்மா. அந்தப் பெருமைதான் இப்போது என்னைத் தின்கிறது. ஊஜின் வயிற்றைப் பற்றி அண்ணன் உங்களிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இல்லை; அவருக்கோ மேசை முன்னால் அது நினைவுக்கே வரவில்லை.

ஊஜின்தான், "அவங்களையே கேட்டுப் பாக்கலாமே" என்றான். "கேட்டா அவங்க மனசு நோகும்" என்று நான் அடக்கினேன். "அக்கா, ஒரே ஒரு துண்டு மீன்" என்று கெஞ்சினான். அவன் முந்தின நாளிலிருந்து பட்டினி. நான் முறைத்தேன். அவனுக்காக நீங்கள் சமைத்ததை அவன் வாய்க்குப் போகாமல் தடுத்தவள் நான். எல்லாவற்றையும் ஒரு பையில் கொட்டிக் கட்டினோம். தட்டைக் கழுவினோம். விடியற்காலையில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் நாணல் புதரில் வீசிவிட்டுப் போனோம்.

அதோடு முடியவில்லை. திரும்பி வந்து இதைச் சாட்சியாகச் சொன்னேன். "மூணு நிமிஷம்தான் உனக்கு. பசியை முன்னாடி கொண்டு வா. மீனோட வாசனையைச் சொல்லு. அப்புறம்தான் வேண்டாம்னு சொன்னது" என்று ஆசிரியை செதுக்கிக் கொடுத்தார். மூன்று சபைகளில் சொன்னேன். பசியிலும் விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடாத பெண் என்று கை தட்டினார்கள். சில பேர் அழுதார்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொன்னதும் இங்கே பயிற்சி கொடுப்பவர்கள்தான். எல்லா வீட்டுக்கும் எழுத வேண்டும் என்பது ஒழுங்கு. சாப்பிடாத வீட்டுக்கு என்ன எழுதுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பொய் எழுதினேன்.

நீங்கள் கொசுவர்த்தி என்று எழுதியதும் தலைமைப் பாஸ்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தப்பாக் கணிச்சது உன் அறிவும்மா. சாப்பிடாம இருந்தது உன் விசுவாசம். விசுவாசம் பொய்யாகிடாது. மனசைக் குழப்பிக்காத" என்றார். ஒரு நிமிடம் எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சாட்சியை எங்கள் மாதப் பத்திரிகையில் என் பெயரோடு அச்சிட்டுவிட்டார்கள். நம்ஹே, பூண்டு தொங்கும் கூரை, கணவரின் படம் எல்லாம் அதில் இருக்கிறது. நாடு முழுக்கச் சபைகளுக்குப் போகிறது. பூசானுக்கும் போகும்.

உங்கள் மகன் அதைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என்னைத் திட்டுங்கள். உங்களைப் பார்க்க எனக்கு முகமே இல்லை.

ஹேரின்


அக்டோபர் 9
நம்ஹே

பயிற்சி இல்லத்துப் பெண்ணுக்கு,

உன் கடிதம் பண்டிகைக்கு முன்பே வந்தது. பத்திரிகை அதற்கும் முன்பே பூசானுக்குப் போய்விட்டது.

யோங்தே வரவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் போன் செய்தான். "அம்மா, அந்தப் பிள்ளைங்க சாப்பிடவே இல்ல. அவ பேரே போட்டிருக்கு. படையலைப் போட்டு அவங்களையும் ஏமாத்தப் பாத்தியா? சாப்பிட்டாங்கன்னு என்கிட்டயும் பொய் சொன்னியா?" என்று கேட்டான். கொசுவர்த்தியைச் சொன்னேன். ஒல்லிப் பையன் வயிற்றைச் சொன்னேன். "நீ இப்போ எது சொன்னாலும் எப்படிம்மா நம்பறது?" என்று வைத்துவிட்டான்.

அவன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. ஏனென்றால் நீங்கள் சாப்பிடவில்லை என்பது எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்.

நீங்கள் போன அன்று காலையில் ஓக்ஹீ வீட்டு நாய் அந்தப் பையைக் கவ்விக்கொண்டு வந்து என் வாசலில் போட்டது. அது எந்த வீட்டுச் சமையல் என்று நாய்க்குத் தெரிந்திருக்கிறது. யாரும் பார்ப்பதற்கு முன் அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தேன். காசில்லாமல் கையேந்தி வந்த பிள்ளைகளே என் சோற்றைத் தொடவில்லை என்றால் ஊரில் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? முள்ளைப் பற்றி எழுதினேனே, உனக்கு உறைக்கவில்லையா?

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று அப்போது புரியவில்லை. பிறகு உன் கடிதம் வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டோம் என்று பொய். படித்ததும் கிழிக்கத்தான் போனேன். அப்புறம்தான், இந்தப் பொய்யை யோங்தேவிடம் காட்டினால் என்ன என்று தோன்றிற்று. காட்டினேன். என் மகனை வீட்டுக்கு வரவழைக்க உன் பொய்யை எடுத்துக்கொண்டேன். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. அதுதான் எனக்கு அதிக எரிச்சல்.

பண்டிகையன்று அந்த மீனை யாரும் தொடவில்லை. நானும்தான்.

நீ நல்ல பெண்ணாக இருக்கலாம். ஆனால் உன் கடிதம் வருகிற போதெல்லாம் அந்தப் பை வாசலில் வந்து விழுகிற மாதிரி இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.

மேங் சுன்ரே


நவம்பர் 24
பயிற்சி இல்லம்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரிதான்.

பத்திரிகை போகும் பூசான் சபைகளுக்கு எழுதி விசாரித்து, போன ஞாயிறு உங்கள் மகனுடைய சபைக்குப் போனேன். இங்கே அனுமதி கேட்டேன், வேண்டாம் என்றார்கள். கேட்காமல் கிளம்பிவிட்டேன். பத்திரிகையில் வந்த பெண் என்றதும் அந்தப் பாஸ்டர் மகிழ்ந்துபோய், சாட்சி சொல்ல என்னை முன்னால் நிறுத்தினார்.

முதலில் பழகியபடியே சொன்னேன். மழை, சாத்திய கதவுகள், பசி, மீனின் வாசனை. வழக்கமாக ஆமென் வரும் இடத்தில் ஆமென் வந்தது. அதன் பிறகு, "அது படையல் இல்ல. எங்க கூட வந்த தம்பிக்கு வயித்துல புண்ணுன்னு அந்த அம்மா பூண்டும் மிளகாயும் போடாமச் சமைச்சாங்க. அதைப் புதர்ல வீசினவ நான்தான். கேக்காமலே தீர்ப்புச் சொன்னவளும் நான்தான். அந்த அம்மா யாரையும் ஏமாத்தல" என்றேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு குழந்தை மட்டும் இருமியது. எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். என் மேசையில் யாரும் உட்காரவில்லை. ஒருவர் நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்து எதிரே அமர்ந்தார். உங்கள் மூக்கு அப்படியே. யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எது அண்ணா?"

"மீன். எங்கம்மா வேகவெச்ச நாக்கு மீன்."

"தெரியாது அண்ணா. நான் வாயில வைக்கல."

அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கும் மறந்து போச்சு" என்றார்.  நூடுல்ஸ் அப்படியே ஊறிக் கிடந்தது. எழுந்து போய்விட்டார்.

இந்த வருடம் அனுப்புகிறவர்கள் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். கீழ்ப்படியாதவளை அயல்நாட்டுக்கு அனுப்ப முடியாதாம். கேட்டதும் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்து நான் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். ஆனால் தட்டில் இருப்பது என்ன என்று கேட்கத் தெரியாதவள் கம்போடியாவில் யார் வீட்டுக் கதவைத் தட்டி என்ன சொல்லப்போகிறேன்?

இப்போது இங்கே குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறுகாய், கிம்ச்சி, போடும் நேரம். என்னைச் சமையலறையில் பூண்டு உரிக்க விட்டிருக்கிறார்கள். மூட்டை மூட்டையாக வந்திருக்கிறது. மூட்டை மேல் நம்ஹே என்று எழுதியிருக்கிறது. எத்தனை தடவை கை கழுவினாலும் வாசம் போகவில்லை. ஊஜினும் கூட உட்கார்ந்து உரிக்கிறான். இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, ஆனால் உட்காருகிறான்.

உங்களை இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.

கு ஹேரின்


டிசம்பர் 30
நம்ஹே

அடி ஹேரின்,

நேற்று முன்தினம் என் வீட்டுக்காரருக்கு நினைவு நாள். படையலைப் பரப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் யோங்தே நிற்கிறான். எவ்வளவு நேரமாக நின்றானோ, மூக்கெல்லாம் சிவந்து கிடந்தது. "உள்ள வாடா" என்றேன். "நீ முடிச்சிட்டு வா, நான் இங்கயே நிக்கறேன்" என்றான். நான் உள்ளே போய் விழுந்து கும்பிட்டேன். அவன் முற்றத்தில் நின்று அவனுக்குத் தெரிந்த ஜெபத்தைச் செய்தான். அவனைக் கும்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. கும்பிடாதே என்று அவன் என்னைச் சொல்லவில்லை. இதற்கு மூன்று வருடம் தேவைப்பட்டிருக்கிறது எங்கள் இரண்டு பேருக்கும்.

பிறகு உள்ளே வந்து, "பசிக்குதும்மா" என்றான். நான் தனிச் சட்டியைத் தேடி ஓடினேன். பூண்டை அவன் கண் முன்னால் நசுக்கினேன். "போதும்மா, பாத்துட்டேன், ஊரே நாறுது" என்று கத்தினான். மீனை முள் வரைக்கும் சப்பிச் சாப்பிட்டான். முள்ளை மட்டும் தட்டில் வைத்தான். மனிதர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள்.

சாப்பிட்டுக்கொண்டே உன்னைப் பற்றிச் சொன்னான். "அந்தப் பொண்ணு முன்னாடி நின்னப்ப என்னால தலை தூக்க முடியலம்மா. நானும் உன்கிட்ட ஒரு தடவை கூடக் கேக்கலியே, முடிவுதானே பண்ணினேன்" என்றான்.  இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன்.

எழுதாதே என்று நான் சொன்னது எரிச்சலில் சொன்னது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மன்னித்தேன் என்றெல்லாம் எனக்குச் சொல்ல வராது. அந்தக் குழியைத் தோண்டியது இன்னும் கையில் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டு மீன் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நீ கம்போடியாவுக்கோ வேறெங்கேயோ போவது எனக்குப் பிடிக்கவில்லை.

புத்தாண்டுப் பண்டிகை முடிந்ததும் வா. ஒல்லிப் பையனையும் இழுத்துக்கொண்டு வா. அவனுக்குப் பூண்டில்லாமல், உனக்குப் பூண்டோடு. நான் பக்கத்து வீட்டுக்குப் போக மாட்டேன். எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தத் தடவை பேருந்துக்குக் காசு எடுத்துக்கொண்டு வா. வழியில் எதுவும் வாங்கித் தின்னாதே.

சுன்ரே அம்மா